பிரித்துப் போட்ட குப்பையை யார் வாங்குகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: காகிதம், பாட்டில், டின், கண்ணாடி எல்லாவற்றையும் கழுவித் தனியாக எடுத்து வைக்கிறீர்கள், வண்டி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறது, அப்புறம் அது உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகிறதா அல்லது எங்கோ ஒரு பள்ளத்தில் புதைக்கப்படுகிறதா? இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ‘நான் மெனக்கெடுவது வீண்தானா?’ என்பதைத்தான் நீங்கள் கேட்க வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பல வருடங்கள் தரம் பிரிக்கும் ஆலையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பிறகு அந்தச் சரக்கை வாங்கும் பக்கத்திலும் வேலை செய்தவன் என்பதால் முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஒரே பதில் கிடையாது, கையில் இருக்கும் பொருளைப் பொறுத்து மாறும்.

முதலில் அந்த வண்டி. ஒரே வண்டியில் கொட்டுவதைப் பார்த்தவுடனே ஏமாற்று வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். சில வண்டிகளின் உள்ளே தடுப்பு இருக்கும், வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. பல ஊர்களில் உலர்ந்த பொருட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி ஆலையில் பிரிப்பதே திட்டம். காகிதமும் டின்னும் ஒரே வண்டியில் ஏறினால் கவலை இல்லை. சாப்பாட்டுக் கழிவு இருக்கும் பையும் அதே தடுப்புக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் விஷயம் வேறு. வண்டிக்குள் அழுத்தும் இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கும்போது காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும், அந்த லோடிலிருந்து உருப்படியாக எதையும் மீட்பது கஷ்டம். உங்கள் தெருவில் நடப்பது இதில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது.

ஆலைக்கு வந்த சரக்கைத் தரையில் மலை போலக் கொட்டுவார்கள். அங்கிருந்து அது கன்வேயர் பெல்ட்டில் ஏறும். முதல் இடத்தில் மனிதர்கள்தான் நிற்பார்கள், கையுறையும் முகக்கவசமுமாக. தோட்டத்துக் குழாய், துணி, மரக்கட்டை, குழந்தையின் டயப்பர், சில சமயம் ஊசி என்று வரக்கூடாத எல்லாம் வரும். அதையெல்லாம் பொறுக்கித் தள்ளிய பிறகு சரக்கு சுழலும் தட்டுகள் வரிசையாக உள்ள சல்லடைக்குப் போகும். பெரிய அட்டைகள் தட்டுகளின் மேலேயே மிதந்து ஒரு பக்கம் போய்விடும், சிறியவை இடுக்கு வழியே கீழே விழும். அடுத்து காந்தம் இரும்பு டின்களை எடுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதற்காக பெல்ட்டின் நுனியில் வேகமாகச் சுழலும் காந்த உருளை ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் மாறும் காந்தப்புலம் அலுமினியத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும், அந்த மின்னோட்டம் எதிர்க் காந்தப்புலத்தை உண்டாக்கும், கேன் தானாகத் துள்ளிப் போய் எதிரே உள்ள தொட்டியில் விழும். எத்தனை வருடம் பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. பிளாஸ்டிக்கை அகச்சிவப்பு ஒளி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வகை பிளாஸ்டிக்கும் அந்த ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். சென்சார் இன்ன வகை என்று கண்டுபிடித்த சில மில்லி விநாடிகளில், கீழே இருக்கும் காற்றுக் குழாய் அந்த ஒரு பாட்டிலை மட்டும் ஊதித் தள்ளும்.

இந்த ஏற்பாட்டை அன்றாடம் படுத்துவது எது தெரியுமா? பிளாஸ்டிக் பை. சல்லடையின் சுழலும் தண்டுகளில் அது சுற்றிக்கொள்ளும். ஒன்றிரண்டு பை சுற்றினால் பரவாயில்லை, சில மணி நேரத்தில் தண்டு முழுக்க மெத்தை போட்டதுபோல் ஆகிவிடும். தட்டுகளுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போகும், அட்டையோடு பாட்டிலும் சேர்ந்து மேலே போக ஆரம்பிக்கும். அப்புறம் லைனை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். பல ஆலைகளில் தினசரி நடக்கும் வேலை இது, ஆபத்தான வேலையும்கூட. ஆகவே பிரித்த பொருட்களை மொத்தமாக ஒரு பையில் கட்டிப் போடும் பழக்கம் இருந்தால் (உங்கள் ஊர் விதி அப்படிச் சொல்லாத வரை) அதை விட்டுவிடுங்கள். பாட்டிலைக் கழுவாமல் போடுவதைவிட இது பெரிய தொந்தரவு. இதைவிட மோசமானது ஒன்று உண்டு, லித்தியம் பேட்டரி. நசுங்கினால் தீப்பிடிக்கும். காகிதக் குவியலுக்கு நடுவே அது தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரித்தவற்றை அழுத்தி, கம்பி கட்டி, பெரிய கட்டுகளாக்குவார்கள். இதை ‘பேல்’ என்போம். பலரும் மறுசுழற்சி இங்கே முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் இன்னும் எதுவும் நடக்கவே இல்லை. பேல் என்பது விற்பனைக்குத் தயாரான சரக்கு, அவ்வளவுதான். அதை வாங்க ஒரு ஆலை இருந்து, அந்த ஆலை அதிலிருந்து வேறொன்றைச் செய்து, அதையும் வாங்க ஆள் இருந்தால்தான் மறுசுழற்சி. வாங்க ஆள் இல்லாத பேல், நேர்த்தியாகக் கட்டப்பட்ட குப்பை. அதனால்தான் ‘என் குப்பை மறுசுழற்சி ஆகிறதா?’ என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. இந்தப் பொருளை யார் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் வந்துவிடும்.

உலோகத்தில் சந்தேகமே வேண்டாம். பாக்ஸைட்டிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதை ஒப்பிட்டால், பழைய கேனை உருக்க ஆகும் ஆற்றல் சுமார் 5 விழுக்காடுதான். 660 டிகிரியில் உருகிவிடும், தரமும் பெரிதாகக் குறையாது. இவ்வளவு லாபம் இருக்கும் பொருளை யாரும் பள்ளத்தில் கொட்ட மாட்டார்கள். குப்பையோடு எரியூட்டும் ஆலைக்குப் போய்விட்ட உலோகத்தைக்கூட, எரிந்து முடிந்த சாம்பலிலிருந்து காந்தம் வைத்துப் பொறுக்கி விற்கிறார்கள். இரும்பு டின்னும் அப்படியே. கேனையும் டின்னையும் நீங்கள் பிரித்துப் போடுவது வீணாவதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அட்டைக்கும் காகிதத்துக்கும் நல்ல சந்தை உண்டு, ஆனால் அவற்றுக்கு ஆயுள் வரம்பு இருக்கிறது. காகித ஆலையில் பேலைத் தண்ணீரோடு ஒரு பெரிய தொட்டியில் போட்டுக் கலக்குவார்கள். ராட்சத மிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் கரைந்து கூழாகும், கூடவே வந்த கம்பி, டேப், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நீண்ட கயிறாகத் திரளும், அதை மெதுவாக மேலே இழுத்து வெட்டி எறிவார்கள். அச்சிட்ட காகிதமென்றால் கூழுக்குள் காற்றுக் குமிழ்களை விடுவார்கள். மை குமிழோடு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், அதை வழித்து எடுத்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் நார் உடைந்து குட்டையாகிறது. ஐந்திலிருந்து ஏழு சுற்று வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நோட்டுத்தாள் அட்டையாகும், அட்டை முட்டை வைக்கும் தட்டாகும், பிறகு நார் அவ்வளவு சிறிதாகிச் சல்லடை வழியே ஓடிவிடும். ஆகவே புது மர நாரும் இதில் கலந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஊறிய அட்டை ஆலைக்குத் தலைவலி, ஏனென்றால் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் கூழோடு சுற்றிக்கொண்டு கறையாகப் படியும். லேசான கறை பரவாயில்லை என்று பல ஆலைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஊறிப்போன பகுதியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாம். காபி கப்பும் பால் அட்டைப்பெட்டியும் வேறு கதை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, பெட்டிகளில் சில சமயம் அலுமினியத் தகடும் இருக்கும். இவற்றைக் கரைக்கத் தனியாக ஏற்பாடு செய்த ஆலைகள் உண்டு. அப்படி ஒன்று எட்டும் தூரத்தில் இல்லையென்றால் இவை மிச்சத்தோடுதான், அதாவது எரிக்கவோ புதைக்கவோ தள்ளிவிடும் கழிவோடுதான் போகும்.

கண்ணாடியைத் திரும்பத் திரும்ப உருக்கலாம் என்பது உண்மை. உலையில் 10 விழுக்காடு உடைந்த கண்ணாடியைச் சேர்த்தால் ஆற்றல் செலவு சுமார் 2.5 முதல் 3 விழுக்காடு குறையும். ஆனால் அது கனமான, மலிவான சரக்கு, அதிக தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கும் ஊர்களில் கண்ணாடி வழியிலேயே நொறுங்கி, காகிதத்துக்குள் குத்திக்கொண்டு இரண்டையும் கெடுக்கும். அந்தத் தூளை மீட்க முடியாதபோது, சாலைக்கு அடியில் போடுவதும் குப்பைக் கிடங்கின் மேல் மண்ணுக்குப் பதிலாகப் பரப்புவதும் உண்டு. சில இடங்களில் அதையும் மீட்ட கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டிலோடு பீங்கான் கோப்பையையும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தையும் போடாதீர்கள். பாட்டில் உருகும் சூட்டில் அவை உருகாது, புதிய பாட்டிலின் சுவரில் கல்லாகத் தங்கி, அந்த இடத்தில் பாட்டில் வெடிக்கும்.

இனி பிளாஸ்டிக். உங்கள் சந்தேகம் நியாயமாகும் இடம் இதுதான். உலக அளவிலான கணக்கு கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 2015 வரை உருவான சுமார் 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் மறுசுழற்சி ஆகியிருக்கிறது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது, மீதி கிடங்குகளிலும் வெளியிலும் கிடக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2019ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கிலும் அதே 9 விழுக்காடுதான் வந்தது. ஆனால் இந்த எண்ணை வைத்து உங்கள் கையிலிருக்கும் பாட்டிலின் கதியை முடிவு செய்ய முடியாது. இது எல்லா நாடுகளையும் எல்லாப் பொருளையும் சேர்த்த சராசரி. குழாய், கார் பாகம், படகு வலை, மிட்டாய் உறை வரை எல்லாம் இதில் அடக்கம்.

தண்ணீர் பாட்டிலாக வரும் ‘பெட்’ (PET) என்னும் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை எவ்வளவோ மேல். பேலைப் பிரித்து, மறுபடியும் தரம் பார்த்து, விரல் நக அளவுச் சில்லுகளாக அரைப்பார்கள். சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டியதும் பெட் தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், மூடியும் பெரும்பாலான லேபிளும் மிதக்கும். எளிமையான வேலை, ஆனால் அவ்வளவு அழகாகப் பிரிந்துவிடும். மூடியைக் கழற்றிப் போட வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். இதனால்தான் இப்போது பெரும்பாலான இடங்களில் மூடியோடே போடச் சொல்கிறார்கள். தனியாகப் போட்டால் அளவில் சிறியதாக இருப்பதால் சல்லடை இடுக்கில் விழுந்து கண்ணாடித் தூளோடு போய்விடும். அப்புறம் சூடான காரத் தண்ணீரில் கழுவி, பசையை நீக்கி, உலர்த்தி, உருக்குவார்கள். இதற்கு நடுவில் பிவிசி என்னும் வேறொரு பிளாஸ்டிக் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் போச்சு. பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும், மொத்தச் சரக்கும் மஞ்சளாகி, கரும்புள்ளி விழும். வாங்குபவராக இருந்தபோது நான் பேலில் முதலில் தேடியது இதைத்தான். எல்லாம் சரியாக நடந்தாலும் வாங்கிய எடையில் கால் பங்குக்கு மேல் மூடி, லேபிள், அழுக்கு, ஈரம், வேறு பிளாஸ்டிக் என்று கழிந்து போவது சகஜம். தெளிந்த சில்லு மறுபடி பாட்டிலாகலாம். கலர் கலந்தது பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகவோ கட்டும் பட்டையாகவோ ஆகும். துணியான பிறகு அது திரும்ப இந்தப் பாதைக்கு வருவது அபூர்வம்.

பாலும் ஷாம்பூவும் வரும் கெட்டியான பாட்டில்களுக்கும் வாங்க ஆள் உண்டு. அதற்குக் கீழே இறங்க இறங்கச் சந்தை மெலிந்துகொண்டே போகும். தயிர் கோப்பை, நுரைத்தட்டு, மெல்லிய உறை, பல அடுக்குப் பாக்கெட் எல்லாம் இந்த ரகம். பாக்கெட்டில் மூன்று நான்கு பொருட்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, பிரிப்பதற்கு ஆகும் செலவு கிடைக்கும் பொருளைவிட அதிகம். கறுப்பு உணவுத்தட்டு இன்னொரு தொல்லை. அதன் கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கரி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், சென்சாருக்கு அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியாது, பெல்ட் முடியும் வரை போய் மிச்சத்தில் விழும். அடியில் முக்கோண அம்புக்குறியும் எண்ணும் இருக்கிறதே என்பீர்கள். அந்த எண் 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது, எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்வதற்காக மட்டும். மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் எப்போதும் இருந்ததில்லை. 2013இல் அதைப் பராமரிக்கும் தர நிர்ணய அமைப்பே அம்புக்குறியை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றியது. ஆனாலும் பழைய அச்சுகள் இன்னும் ஓடுகின்றன.

இந்த மெலிந்த சந்தைச் சரக்கெல்லாம் இத்தனை வருடம் எங்கே போனது என்று கேட்டால், பெரும்பகுதிக்குப் பதில் சீனா. அங்கே பொருட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல்களில் காலிப் பெட்டிகள் இருந்தன, கூலி மலிவு, மூலப்பொருளுக்குத் தேவையும் இருந்தது. பல நாடுகளின் நகராட்சிகள் ஏற்றுமதியான எடையை அப்படியே ‘மறுசுழற்சி’ என்று எழுதிக்கொண்டன. 2017 ஜூலையில் சீனா உலக வர்த்தக அமைப்புக்குத் தகவல் கொடுத்துவிட்டு, 2018 தொடக்கத்தில் வீட்டுப் பிளாஸ்டிக் கழிவையும் தரம் பிரிக்காத காகிதத்தையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. மற்றவற்றில் கலப்படம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. வீடுகளிலிருந்து வரும் சரக்கில் அந்த அளவை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பெல்ட் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பேல்கள் தேங்கின, சில நகரங்கள் வீடுகளிலிருந்து வாங்குவதையே நிறுத்தின, சில இடங்களில் பிரித்ததை எரித்தார்கள், புதைத்தார்கள். மீதி மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் திரும்பியது. அங்கே உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்து, நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் திறந்தவெளியில் கொளுத்தின. மலேசியாவும் பிலிப்பைன்ஸும் கப்பல் பெட்டிகளை அனுப்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்பின. கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் பேசல் உடன்படிக்கை. 2021 முதல் அதன் திருத்தப்படி, கலப்படமான பிளாஸ்டிக் கழிவை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் அனுமதி வேண்டும். எனவே ‘எங்கோ புதைக்கிறார்கள்’ என்ற பேச்சு வெறும் வதந்தி என்று நான் சொல்ல மாட்டேன். நடந்திருக்கிறது, எல்லைகளைத் தாண்டிய சரக்கில் இன்றும் கடைசிக் கண்ணி வரை தொடர்ந்து பார்ப்பது மிகவும் கடினம்.

இன்னொரு சந்தேகத்துக்குரிய விஷயம், பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் திரும்ப எண்ணெயாக மாற்றும் ‘வேதி மறுசுழற்சி’. வேதியியல் ரீதியாக அது நடக்கும், அதில் புதிர் எதுவும் இல்லை. வீட்டுக் குப்பையின் அழுக்கோடும் கலப்போடும் பெரிய அளவில், லாபமாக, நம்பத்தகுந்த ஆற்றல் கணக்கோடு ஓடுமா என்பதுதான் கேள்வி. இதுவரை பெரிதாக அறிவித்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிய ஆலைகள் கணிசம். வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி இன்று பாக்கெட்டை மறுசுழற்சிப் பெட்டியில் போடுவதில் அர்த்தமில்லை.

கழுவுவதைப் பற்றி: பளபளக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய மிச்சத் தண்ணீரில் ஒருமுறை அலசி, கவிழ்த்து வைத்தால் போதும். ஆலையில் எப்படியும் காரத் தண்ணீரில் கழுவப் போகிறார்கள். நீங்கள் அலசுவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் காகிதத்தைக் காப்பாற்றுவதற்காகவும், கோடையில் குவியல் நாறிப் பூச்சி வைக்காமல் இருப்பதற்காகவும்தான். வெந்நீரும் சோப்பும் செலவழித்துக் கழுவினால் மிச்சமாகும் ஆற்றலில் ஒரு பகுதியை நீங்களே செலவழித்துவிடுகிறீர்கள். சந்தேகமான பொருளை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போடும் பழக்கம்தான் நல்ல மனதுக்காரர்களிடம் அதிகம். அது நல்ல சரக்கின் தரத்தையும் இறக்கிவிடும். தெரியாவிட்டால் குப்பையில் போடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், சேகரிக்கும் துறைக்கு இரண்டே கேள்வி எழுதிக் கேளுங்கள். ஆலைக்குள் போகும் எடையில் எத்தனை விழுக்காடு மிச்சமாக வெளியே போகிறது? பெட், அட்டை, கலப்புப் பிளாஸ்டிக் பேல்களை யாருக்கு விற்கிறீர்கள்? ‘இவ்வளவு டன் சேகரித்தோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அது வண்டியின் கணக்கு, மறுசுழற்சியின் கணக்கு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம்கூட இந்த ஓட்டையை அடைக்கத்தான், தரம் பிரித்த பிறகு உண்மையில் மறுசுழற்சி இயந்திரத்துக்குள் போகும் எடையை எண்ணச் சொல்லி விதியை மாற்றியது. முதல் கேள்விக்கு எண்ணும், இரண்டாவதற்கு ஆலைகளின் பெயரும் கிடைத்தால் நிலைமை பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கலப்புப் பிளாஸ்டிக்குக்கு மட்டும் ‘ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்கிறார்’ என்று பதில் வந்தால், அது பெரும்பாலும் எரியூட்டும் ஆலைக்கோ கிடங்குக்கோ போகிறது என்று வைத்துக்கொண்டு, பாட்டில், டின், அட்டை ஆகியவற்றை மட்டும் கவனமாகப் பிரித்துக் கொடுங்கள்.